நடு வட்டம்

அன்றைக்கு என் விரல் ஏன் நடு வட்டத்தைத் தொட்டது?

ஏழு கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து வட்டங்கள். முதல் வட்டத்துக்கு அடியில் மிகக் குறைவு என்றும் கடைசி வட்டத்துக்கு அடியில் மிகச் சிறப்பு என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உங்கள் பிள்ளையின் ஆர்வம் எப்படி, விடாமுயற்சி எப்படி, தானாக யோசிக்கும் பழக்கம் எப்படி என்று அது கேட்டுக்கொண்டே போனது. ஏழுக்கும் நான் மூன்றாவது வட்டத்தைத்தான் தொட்டேன். கடைசியில் ஒரு பெட்டி. உங்கள் பிள்ளையைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்றது. 'சாதாரணப் பெண். சொன்ன பேச்சைக் கேட்பாள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை மதியம். மழை வரப்போகிற நேரம். எங்கள் ஊர் கிள்ளானில் அந்த நேரத்துக்கு ஒரு வெளிச்சம் உண்டு. பகலும் இல்லை, மாலையும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் பாத்திரம், நாற்காலி எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் தெரியும். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் அந்தப் படிவத்தை நிரப்பினேன்.

என் மகள் பள்ளியின் மேல்வகுப்பான ஆறாம் படிவத்தின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். எனக்கு இருபது வயதில் பிறந்தவள். துணிக்கடையில் எங்களை அக்கா, தங்கை என்று நினைப்பார்கள். அவள் சேர ஆசைப்படும் பல்கலைக்கழகம் ஒரு குளிர் நாட்டில் இருக்கிறது. மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். எடுத்துவிட்டால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் செலவை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். அதனால் உலகம் முழுவதும் இருந்து பிள்ளைகள் அந்த வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆலோசனை நிலையம் இருக்கிறது. மதிப்பெண், கட்டுரை, பெற்றோர் சொல்வது எல்லாவற்றையும் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வார்கள். படிவம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் படத்தை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். கல் கட்டடம், இலையில்லாத மரங்கள், வளைந்து போகும் ஓர் ஆறு. அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. மடித்த துணியை அடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆற்றை நான் பார்ப்பேன்.

சுமார் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுடைய எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவு வந்த வாரம், எங்கள் தாமான் குடியிருப்பில் போடும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை விற்கும் ஆன்ட்டி கேட்டார்.

"பொண்ணு ரிசல்ட் என்னாச்சு?"

"ஏதோ பாஸ் ஆயிட்டா ஆன்ட்டி. சுமார்தான்."

"சுமாரா? அப்ப எல்லாம் ஏ-ன்னு சொல்லு," என்று அவர் இரண்டு வடை கூடுதலாகப் போட்டுக் கட்டினார்.

எங்களுக்குள் இது இப்படித்தான் நடக்கும். பிள்ளையை யாராவது புகழ்ந்தால், வீட்டு வேலை ஒன்றும் தெரியாது என்று உடனே ஒரு குறையைத் தேடி எடுத்து வைப்போம். கண் பட்டுவிடும் என்று நினைத்துச் செய்வதுகூட இல்லை. நாக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். கேட்கிறவருக்கும் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியும். படிவத்துக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அறிக்கை அவளுடைய மின்னஞ்சலுக்கு வந்தது. நான் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஐஸ்பெட்டியில் சாய்ந்து நின்றாள்.

"ம்மா, வந்துருச்சு."

"என்ன போட்ருக்காங்க?"

"சான்ஸ் லோ."

"லோவா?"

"பரவால்லம்மா. இங்கயே அப்ளை பண்ணிக்கிறேன். எல்லாரும் இங்கதான படிக்கிறாங்க."

குரலில் ஒன்றும் இல்லை. கையில் இருந்த நோட்டுப் புத்தகத்தை ஐஸ்பெட்டி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். தினமும் மாலையில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் பின்னால் போவாள். மறுநாள் அது அங்கேயே கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது. அதன் மேல் யாரோ மின்சாரக் கட்டணச் சீட்டை வைத்தார்கள். அவள் எடுக்கவில்லை.

நான் எழுதியனுப்பியதைக் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார்.

"என்னைப் பத்திக் கேட்டிருந்தா என்ன போட்ருப்ப?"

நான் அவர் தட்டில் சோற்றைப் போட்டேன்.

"சுமார். லோரி ஓட்டுவார், வீட்டுக்கு வருவார்," என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு, "நேர்ல போய் பாரு. தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. அதுல என்ன வெக்கம்?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை அவளையும் அழைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் போனேன். பாடாங் ஜாவாவில் மழை, ஷா ஆலமில் வெயில், சுபாங் ஜெயாவில் மறுபடி மழை. ஒரே நாளில் பல நாட்களைக் கடந்துபோவதுபோல் இருந்தது. வீடுகளின் பின்பக்கங்கள், கம்பியில் நனையும் சட்டைகள், சேற்று நிறத்தில் கொஞ்ச தூரம் கூடவே வந்த ஆறு. அவள் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் பாலத்துக்கு அடியில் புகும்போதெல்லாம் கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. வெளிச்சம் வந்ததும் இரண்டும் போய்விட்டன.

நிலையம் பூமாலைக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. மல்லிகை வாசம் படியெல்லாம் கூடவே ஏறி வந்தது. ஆலோசகர் என்னைவிட இளையவர். மேசை இழுப்பறையின் பிடியில் தே-ஓ ஐஸ் என்னும் பால் சேர்க்காத குளிர்ந்த தேநீர்ப் பொட்டலம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்.

"உக்காருங்க அக்கா. லிப்ட் கெட்டுப்போச்சு, எல்லாரும் மூச்சு வாங்கிக்கிட்டுதான் வர்றாங்க," என்றபடி கணினியில் எங்கள் கோப்பைத் திறந்தார். பார்த்தார். பிறகு நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "சாதாரணப் பெண். சொன்ன பேச்சைக் கேட்பாள்."

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லின் எழுத்துகள் திடீரென்று புதிதாகத் தெரியும்போது நாம் அதைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"இங்க வர்ற நம்ம அம்மாங்க எல்லாரும் நடு வட்டத்தைத்தான் தொடுவாங்க," என்றார் ஆலோசகர். "அப்பாங்க பண்ணா எல்லாமே கடைசி வட்டம். அவங்களுக்கு ரெண்டு கொறைப்பேன், அம்மாங்களுக்கு ரெண்டு கூட்டுவேன். உங்க ஃபைல் வந்தப்ப நான் லீவு. பாத்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாதுலா."

"அப்ப இப்ப கூட்டிடுங்களேன்."

"எதை வெச்சு கூட்டுறது அக்கா? எல்லாம் ஏ வாங்குன பிள்ளைங்க அங்க நெறய பேர் நிப்பாங்க. பரீட்சை இல்லாத நாள்ல இவ என்ன செய்வா, சொல்லுங்க."

"ஒண்ணும் செய்ய மாட்டா," என்றேன். "லோங்காங் ஓரமா போய் நிப்பா."

வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகாலைத்தான் சொன்னேன். ஆலோசகர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"தண்ணி திரும்பி வரும் மிஸ்."

"திரும்பின்னா?"

"கடல் ஏறுறப்ப ஆத்துத் தண்ணி பின்னால தள்ளி எங்க லோங்காங் வரைக்கும் வரும். எவ்வளவு வருதுன்னு சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு அளந்து எழுதுவேன். மழை பெஞ்ச அன்னிக்குத் தனியா எழுதுவேன். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தாதான் வீட்டுக்குள்ள ஏறுது."

"எத்தனை நாளா எழுதுற?"

"எங்க வீட்டுல தண்ணி புகுந்ததில இருந்து. ரெண்டு வருஷம். தீவாளிக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் விட்டுப்போச்சு. போன வாரமும் எழுதல."

தீபாவளிக்கு முந்தைய அந்த வாரம் என் வேலை. லோங்காங்கை ஒட்டிய எங்கள் பின்சுவரில் கிடந்த சாக்பீஸ் கோடுகளை, இந்த வயதில் என்ன கிறுக்கல் என்று திட்டிக்கொண்டே சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு வாரம் கழித்து அளவு நாடாவை வைத்து மறுபடி முதலில் இருந்து கோடு போட்டிருக்கிறாள்.

"கட்டுரையில ஏன் இதை எழுதல?" என்று ஆலோசகர் கேட்டார்.

"அது சும்மா செய்யிறது மிஸ்."

ஆலோசகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தே-ஓவை எடுத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

கட்டுரையை அவள் மாற்றி எழுதலாம், நாள் இருக்கிறது என்றார். என் பகுதியைத் தள்ளிவிட்டுப் புதிய தாள் ஒன்றைக் கொடுத்தார். அதில் வட்டங்கள் இல்லை. அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. மாதக் கடைசிக்குள் எழுதித் தரவேண்டும். எழுந்திருக்கும்போது, இப்போது வாய்ப்பு எப்படி என்று கேட்டேன்.

"முன்ன லோன்னு சொன்னோம். இப்ப எனக்குத் தெரியல அக்கா."

"தெரியலையா?"

"அந்த எடத்துக்கு யாருக்கும் நான் ஹைன்னு சொன்னதே இல்ல. தெரியலன்னு சொன்னா நல்லாதான் இருக்குன்னு அர்த்தம்."

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. குளிர்சாதனக் காற்றில் பாதித் தூக்கமாக உட்கார்ந்திருந்தோம். பந்தாய் டாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ம்மா, நெசமாவே நான் சுமார்னுதான் நெனச்சீங்களா?"

"கண்ணு பட்டுடும்னுதான்டி."

"யாரு கண்ணு? கம்ப்யூட்டர் கண்ணா?"

இருவரும் சிரித்தோம். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை மதியத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதுதான் மழை விழத் தொடங்கியது. நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவள் ஓடி வந்தாள். தலையெல்லாம் ஈரம். "ம்மா, துண்டு," என்றாள். எழுந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு நொடியில், பின்வாசல் திறந்திருக்கிறது, மழை பெய்கிறது, ஆனால் துண்டு கேட்க யாரும் இல்லை என்ற ஒரு வீடு என் கண் முன்னால் வந்து போனது. அலமாரிக் கதவில் இருக்கும் அந்த ஆற்றங்கரையில், எனக்குத் தெரியாத ஒரு சாலையில், அவள் என்னைப் பார்க்காமல் நடந்துபோகிறாள்.

அது நான் வட்டங்களைத் தொடுவதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? எவ்வளவோ முறை அந்த மதியத்தைத் திரும்ப நடத்திப் பார்த்துவிட்டேன். சில நாள் துண்டு முதலில் வருகிறது. சில நாள் வட்டங்கள் முதலில் வருகின்றன. வட்டங்கள் முதலில் என்றால், பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். துண்டுதான் முதலில் என்றால், இவள் இங்கேயே இருக்கட்டும் என்று என் விரல் முடிவு செய்திருக்கிறது. நான் கடமை தவறாத அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டு இப்போது ஐஸ்பெட்டி மேல் இல்லை. நேற்று மாலை நானும் அவளோடு பின்னால் போனேன். லோங்காங்கில் ஓர் ஐஸ்கிரீம் குச்சி ஆற்றுப் பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "இப்ப பாருங்க," என்றாள். குச்சி நின்றது. தண்ணீர் முழுவதும் நின்றது. பள்ளிவாசல் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் போன சத்தம்கூட அந்த நேரத்தில் தூரத்தில் கேட்டது. பிறகு குச்சி கொஞ்சம் திரும்பி, யாரோ கூப்பிட்டதுபோல், எங்கள் வீட்டுப் பக்கமாக வரத் தொடங்கியது. இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அதை நான் பார்த்ததே இல்லை.

அரைப் பக்கத் தாள் மேசையில் இருக்கிறது. 'என் மகள்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் போகவில்லை. இருப்பதை இருக்கிறபடி எழுதினால் அவள் போய்விடலாம். எழுதியும் கிடைக்கவில்லை என்றால், என் வாய் பட்டுத்தான் என்று மனம் சொல்லும். குறைத்து எழுத இனி என்னால் முடியாது.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைத் தூரமாக அனுப்பியவர்கள் இருப்பீர்கள். அம்மா நினைத்தது என்னவென்று தெரியாமலே தூரமாகப் போன பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். அந்தத் துண்டைப் பற்றி, என் விரலைப் பற்றி, எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிடுவது நல்லதா? சொன்னால் அவள் எனக்காகவே போகாமல் இருந்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. இல்லை, அதை என்னோடு வைத்துக்கொண்டு, அரைப் பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடலாமா? மாதக் கடைசிக்குள் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.