டில்லிச் செய்திக்குக் காதர் பாய் சொன்ன தமிழ்

நேற்று மகன் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனான். நடுவில் அரசாங்கச் சேனலின் முகம் கண் சிமிட்டும் நேரம் தெரிந்து மறைந்தது. எனக்கு உடனே கிரீஸ் வாடை அடித்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

திருத்தணியில் எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே டிவி, மெக்கானிக் காதர் பாய் வீட்டில்தான். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே போடுவார். தமிழ்ச் செய்தி சொட்டு மருந்துபோல் கொஞ்சம் விழும். பிறகு டில்லி வந்துவிடும். ஒரு மந்திரி ரிப்பன் வெட்டுவார். அவரிடம் கத்திரிக்கோலை இரவல் வாங்கினதுபோல் அடுத்த ஊரில் இன்னொருவர் வெட்டுவார். தேசத்துக்கே பொதுவான சேனலாம். எங்கள் தறிக்காரத் தெருவில் தமிழும் தெலுங்கும்தான். பாய் வீட்டில் உருது பேசுவார்கள் என்பதால் இந்திக்கு அவரே பொறுப்பு. "வெங்காயம் வெல ஏறுதாம்" என்பார். திரையில் ராக்கெட் போய்க்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் அண்ணன் விசைத்தறி வேலைக்கு சூரத் போயிருந்தான். நான் எட்டாவதோடு நின்றவன், கவலைப்படுவதில் மட்டும் எம்.ஏ. ஒரு நாள் திரையில் ஊரே தண்ணீரில் கிடந்தது. 'சூரத்' என்ற ஒரு சொல்தான் எங்களுக்குப் பிடிபட்டது. செய்தி வாசித்த அம்மாளின் பவுடர்கூடக் கலையவில்லை. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, காதர் பாயின் வாயையே பார்த்தார்.

"இன்னா சொல்றாங்க பாய்?" என்றேன்.

"தறிக்காரங்கள எல்லாம் மேட்டுல ஒரு ஸ்கூல்ல கொண்டாந்து உட்டுட்டாங்களாம். சோறு போட்டுகினு கீறாங்களாம். போய்ச் சாப்புடுங்க."

சூரத்தில் வெள்ளம் என்று காலையிலேயே காதில் விழுந்ததிலிருந்து இரண்டு வேளையாகப் பட்டினி கிடந்த நைனா அன்றைக்குச் சாப்பிட்டார். மறுநாள் செய்தியில் பாய் எல்லோருக்கும் போர்வை கொடுக்க வைத்தார், அதற்கு மறுநாள் டாக்டரை அனுப்பினார். டில்லியேகூட இத்தனை நல்ல அரசாங்கத்தை நடத்தியதில்லை.

கடைசியில் அண்ணனின் கடிதம் வந்தது. ஸ்கூலும் இல்லை, போர்வையும் இல்லை. மில் கூரைமேல் மூன்று நாள் வறுகடலை தின்று உயிர் பிழைத்திருக்கிறான். கடிதத்தோடு பாயிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"அது பண்டிதருங்க இந்திப்பா. எனக்கும் ஒரு எழவும் புரில," என்றார் அவர். "உங்க நைனா அப்டி பாத்துகினு கீறாரு. என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

பாய் இப்போது இல்லை. அவர் வீடு இருந்த இடத்தில் லாட்ஜ். எங்கே வெள்ளம் வந்தாலும் பத்துச் சேனல்கள் தமிழிலேயே கத்துகின்றன. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிகிறது. பொய்யும் தாராளமாகச் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒரு வாய் சாப்பிடட்டுமே என்று சொல்கிற பொய்யை மட்டும் காணோம்.