பாறையைத் துடைத்த ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளா, இது இரண்டு பேருக்கும்தான். ஆனால் பெரியவளே, முக்கியமாக உனக்கு. நீ செடிகொடி படிக்கப் புனே போனதிலிருந்து நம் ஃபோன் பேச்சு சுருங்கிவிட்டது. "சாப்ட்டியா?" என்பேன். "தினேசானுப்பா" என்று, சாப்பிட்டதைத் தெலுங்கில் சொல்வாய். அதற்கு மேல் உன்னிடம் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியாது. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த ஃபிட்டர் நான். போன மாதம், "இந்த செமஸ்டர் பூரா பாசிதான்" என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான், பாசி பார்க்கப் போகும் கூட்டத்தோடு ஊருக்கு வெளியே உள்ள காட்டுக்குப் போனேன்.

கூட்டிப்போனது ஒரு தமிழ்ப் பெண். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிறு மட்டும் காடு. உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஆளுக்கொரு லென்ஸ் கொடுத்து, "பாறையில பச்சையா, பழுப்பா எது தெரிஞ்சாலும் கூப்பிடுங்க" என்றாள். எனக்குத்தான் முதலில் கிடைத்தது. மழை விட்டுப் பத்து நாளாகியிருந்தது, மேலே ஒரே புழுதி. எதையும் பரிசோதிக்கும் முன் துடைப்பது ஃபேக்டரிப் பழக்கம் அல்லவா? பையிலிருந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். வெறும் பாறை.

"அங்கிள், பாசி எங்க?"

துணியைக் காட்டினேன்.

கூட வந்திருந்த செகந்திராபாத் தமிழர் ஒருவர், உருது கலந்த தமிழ்க்காரர், விழுந்து விழுந்து சிரித்தார். "ஹவ் அண்ணா, பாறை என்னமா பளபளக்குது! இனிமே இவர் கையில எதுவும் குடுக்க நக்கோம்மா, வேணவே வேணாம்!"

"பரவால்ல அங்கிள், இன்னொண்ணு தேடுவோம்" என்று அவள் என்னோடு குந்தி உட்கார்ந்தாள். பக்கத்து இடுக்கில் தேயிலைத் தூள் சிந்தினாற்போல ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் தெளித்து, "இப்ப லென்ஸ்ல பாருங்க" என்றாள். உள்பக்கம் சுருண்டு கிடந்த இலைகள் மெதுவாக விரிந்து பச்சையாயின. ஓர் இலை அரிசியில் பாதிகூட இருக்காது.

"இது ஹையோபிலா. காஞ்சா இலை இப்படி உள்ள சுருண்டுக்கும். அத வெச்சுத்தான் கண்டுபிடிப்போம்."

அவள் சொல்லச் சொல்ல, எனக்கு உன் குரல்தான் வேண்டியிருந்தது. நீயும் இப்படித்தான் யாருக்காவது பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாய். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மத்தியானம் எல்லோரும் கிளம்பினார்கள். செகந்திராபாத்காரர் பைக்கில் ஏறச் சொன்னார். நம் வீட்டுப் பக்கம் போகும் ராமச்சந்திராபுரம் பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். நிறுத்தத்தில் யாருமில்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கில் சரியாக வரும்வரை அந்தப் பாசியின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் உன் நம்பரை அழுத்தினேன்.