நிற்காமல் எழுதியவள்

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தால், பெயரைப் பார்க்காமலே அனுப்பியவர் யாரென்று சொல்லிவிடுவேன். அப்பா ஒரு சொல்லுக்கு ஒரு தடவை அனுப்புவார். 'நாளைக்கு' என்று ஒன்று வரும், 'மீன்' என்று இன்னொன்று வரும், 'வேண்டாம்' வந்து சேர்வதற்குள் அம்மா மீனை வாங்கி வெட்டியிருப்பார். அம்மா இடைவெளியும் விடமாட்டார், புள்ளியும் வைக்கமாட்டார். கதைப்பது போலவே எழுதுவார். அத்தான் மட்டும் இன்றைக்கும் கையில் அகப்பட்ட கடதாசியில் பேனையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறார். அக்காவின் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம் தொடங்கியதில் எனக்கும் பங்கிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. காங்கேசன்துறைக்குக் கிழக்கே கரையோரத்தில் எங்கள் ஊர். அக்காவின் எழுத்து ஊரறிந்தது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் பொதியில் விலாசம் எழுத அவளிடம்தான் வருவார்கள். முத்து முத்தாக, ஒன்றையொன்று இடிக்காமல் எழுதுவாள். அவளுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியபோது மாப்பிள்ளை கப்பலில் இருந்தார். கப்பல் துறைமுகத்தைத் தொடும்போதுதான் அவருடைய போனுக்கு உயிர் வரும். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

அப்பாவும் கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். ஆனால் இந்த விஷயத்தில் இளகவில்லை. "கதைக்கிறதெல்லாம் கலியாணத்துக்குப் பிறகு. எழுதட்டும். எழுதினால் எல்லாரும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த ஒரேயொரு போன் சோகேசின் மேல், எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் இருந்தது.

மாப்பிள்ளை 'சுகமா?' என்று கேட்பார். அக்கா போனை எடுத்து ஓர் எழுத்தைத் தட்டுவாள், அழிப்பாள், யோசிப்பாள், மறுபடி தட்டுவாள். கடைசியில் 'ஓம்' என்று அனுப்பும்போது கப்பல் புறப்பட்டிருக்கும். இப்படியே பல துறைமுகங்கள் கழிந்தன. ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"பிள்ளை ஒண்டும் எழுதுறா இல்லையெண்டு என்ரை மகன் சொல்லுறான். விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. ஆருக்கும் குறையில்லை."

அவர் போனதும் அம்மா தலையில் கைவைத்தார். "உவள் எழுதி முடிக்கிறதுக்குள்ளை கலியாணமும் கப்பலேறிப் போயிடும்" என்றவர், என்னைக் கூப்பிட்டுப் போனைக் கையில் தந்தார். இரண்டு பெருவிரல்களாலும் படபடவென்று தட்டுவதில் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. அக்கா சொல்ல வேண்டும், நான் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கா 'சுகம்' என்பாள். எனக்கு அது போதாது. சுகம், இண்டைக்கு நண்டுக் கறி, பக்கத்து வீட்டு ஆடு எங்கடை பூக்கண்டைத் திண்டிட்டுது, அம்மா ஆட்டுக்காரரோடை சண்டை என்று எழுதி, சிரிக்கும் முகங்களை ஒரு வரிசைக்கு அடுக்கிவிடுவேன். மாப்பிள்ளையிடமிருந்து உடனுக்குடன் பதில் வந்தது. அம்மாவின் முகம் தெளிந்தது. அப்பாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட்டுச் சண்டையை இரண்டு தடவை வாசித்தார். கலியாணத்தைக் கட்டி இழுப்பது என்னுடைய பெருவிரல்கள்தான் என்ற நினைப்பில் நான் நிலத்தில் நடக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

'தங்கச்சி, போனை அக்காட்டைக் குடும்.'

நான் அதைச் சத்தமாகவே வாசித்துவிட்டேன். "எல்லாம் கெட்டுது" என்று அம்மா குந்திவிட்டார். அக்கா போனைத் தொடவில்லை. என் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கொஞ்சம் கழித்து வந்து, எழுதியதை ஒருவருக்கும் காட்டாமல் தானே படம் பிடித்து அனுப்பினாள். எல்லாரும் பார்க்கலாம் என்ற சட்டம் அன்றைக்கு முதன்முதலாக மீறப்பட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பதில் வரவில்லை. கப்பல் வெளிக்கிட்டுவிட்டது. நாட்கள் போயின. என்னால்தான் அக்காவின் கலியாணம் குழம்பப்போகிறது என்று பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வழக்கம்போலத் தலையை இழுத்துப் பின்னிவிட்டாள். அந்தப் பொறுமைக்கு நான் இன்னும் அவளைக் கும்பிடலாம்.

கடைசியில் ஒரு படம் வந்தது. விசுக்கோத்துப் பெட்டியின் மட்டையில் எழுதியிருந்தார். ஒரு வரி மேலே ஏறியது, அடுத்தது கீழே விழுந்தது, சில எழுத்துகளுக்கு நீளமாக வால் முளைத்திருந்தது. 'ஐயோ, இவ்வளவு கோணல் எழுத்தா' என்று நினைத்தேன். அப்பா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது துறைமுகத்திலை எழுதினதில்லை. நடுக்கடலிலை, கப்பல் உருளேக்கை எழுதியிருக்கிறான். அனுப்பேலாதெண்டு தெரியும். கரைக்கு வருமட்டும் பொறுக்கேல்லை அவனுக்கு."

சொல்லிவிட்டு, மட்டையில் என்ன இருக்கிறது என்று வாசிக்காமலே போனை அக்காவிடம் நீட்டினார். "இந்தா பிள்ளை, உள்ளுக்குக் கொண்டுபோய்க் கதை." அக்கா அழுதுகொண்டே வாங்கினாள்.

கலியாணத்துக்கு வந்தபோது அத்தான் எனக்கு ஒரு பெட்டி நிறையக் கலர்ப் பேனைகள் கொண்டுவந்தார். தன் கலியாணத்தை நடத்திவைத்த கெட்டிக்காரி என்று சபையில் என்னைக் காட்டினார். நான் எழுதுவது எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டேன்.

"அக்கா எழுதேக்கை, எழுதிக்கொண்டிருக்கிறா எண்டு போனிலை காட்டும். நிக்கும். பிறகும் காட்டும். முதல்லை நானும் விருப்பமில்லையாக்கும் எண்டுதான் நினைச்சன். நீர் நிக்காமல் எழுதத் தொடங்கினாப் பிறகுதான், அந்த நிக்கிறதைத் தேடினன்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு வேகமாகத் தட்டியவளை மெச்சாமல், ஆறுதலாக அழித்து அழித்து எழுதியவளை மெச்சுகிறாரே என்று கோபமும் வந்தது. நான் எழுதுவது தெரிந்த அன்றைக்கு அவர் என்னைக் கேலி செய்து துரத்தியிருக்கலாம். எங்கள் வீட்டையே குறை சொல்லிக் கலியாணத்தை முறித்திருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று இரண்டையும் செய்யாமல் விட்டார். அந்த நன்றி வருஷம் போகப் போகக் கூடிக்கொண்டேதான் வருகிறது.

போன கிழமை ஒருவர் எனக்கு 'சுகமா?' என்று ஒரு செய்தி அனுப்பினார். அவர் யாரென்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். வெளியே இருட்டிவிட்டது. போனை அக்காவிடம் கொடுத்து, நீ எழுது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் 'ஓம்' என்று அனுப்பினேன்.