திடீர்க் கூட்டத்துக்கு ஓர் அறை

ஒஸ்லோவில் திடீரென்று எதுவும் நடக்காது. ஒருவர் வீட்டில் கோப்பி குடிக்கவே இரண்டு கிழமைக்கு முன் நாள் குறிக்க வேண்டும். எங்கள் பக்கம் கலியாணத்துக்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், சண்டை முடிந்த வருடம், ஒரு காலையில் என் மேலதிகாரி இங்ரிட் மேசைக்கு வந்து, "வா, ஒரு ஸ்பொன்தான் கூட்டம்" என்றாள். ஸ்பொன்தான் என்றால் யோசிக்காமல், மனதில் பட்டவுடன் செய்வது. ஆனால் அந்தத் திடீருக்கும் ஓர் அறை வேண்டும்; அறைக்கு ஒரு பெயர் வேண்டும். கூட்ட அறைக் கதவில் தொங்கும் தாளில் யார் பெயரில் அறை என்று எழுதாமல் உள்ளே கால் வைக்க ஏலாது. "உன் பெயரைப் போடு" என்றாள். போட்டேன். அரை மணித்தியாலத்துக்கு அறை என்னுடையது.

எனக்கு ஒரு நிவாரண நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அவர்கள் கதிரவெளியில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற கதிரவெளி என் ஊர். மட்டக்களப்பு அலுவலகத்திலும் கமராவும் திரையும் புதிதாகப் பூட்டியாயிற்றாம். வீடு கிடைக்கப்போகிற சனத்தோடு சும்மா முகம் பார்த்துப் பேச இங்ரிட்டுக்கு ஆசை. மொழிபெயர்க்க நான்.

சுவரில் பெரிய திரை. அதன் தலையில், பேசுகிறவர் பக்கம் தானாகத் திரும்பும் கமரா. மேசை நடுவில் காலைப் பரப்பிய சிலந்தி மாதிரி மைக். மூன்று ரிமோட். திட்டப் பொறுப்பாளன் லார்ஸ் ஒன்றை அமத்த ஜன்னல் திரை இறங்கியது. மற்றதை அமத்தக் கமரா எங்களை விட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. உலகத்துக்கெல்லாம் சமாதானம் பேசப் போகிற நாடு, மூன்று ரிமோட்டுக்கிடையில் ஒரு சமரசம் செய்ய முடியாமல் வேர்த்துப்போனது. கடைசியில் திரையில் எங்கள் முகங்களே தெரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். தன் முகத்தைத் தானே கண்டதற்குக் கைதட்டுகிற சனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு மட்டக்களப்பு வந்தது. புதுச் சட்டை, புதுச் சேலை, நெற்றியில் திருநீறு, ஏசிக் குளிரில் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு நம்மட சனம் வரிசையாகக் குந்தியிருந்தது. இவர்களுடைய திடீருக்காக அவர்களை விடியக் காலமையே வேனில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் என் அக்கா. பக்கத்தில் அவளுடைய புருஷன், எனக்கு மச்சான்.

"டேய் தம்பி! நீயா? என்ன மனே இப்பிடி மெலிஞ்சிட்டாய்?"

கமரா டக்கென்று அவளிடம் திரும்பியது. "என்ன சொல்கிறார்?" என்றாள் இங்ரிட். "வணக்கம் சொல்கிறா" என்றேன்.

அக்காவின் பழைய வீட்டை அப்பா கட்டியது எனக்கு நல்ல ஞாபகம். தோணியில் உழைத்த உழைப்பெல்லாம் அந்தச் சுவருக்குள் போனது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். எனக்கென்ன என்று கேட்டதற்கு, "நீ ஆம்பிளைடா, எங்க போயும் பிழைப்பாய்" என்றார் அப்பா. பிழைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்த வீட்டைச் சுனாமியில் கடல் அள்ளிக்கொண்டு போனது. மிச்சம் இருந்த நிலத்தில் கட்டிய கொட்டிலைச் சண்டையில் செல்லடிக்கு விட்டுவிட்டு வாகரைக் காட்டால் ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, இப்போது மூன்றாம் தரம் கல் அடுக்குகிறார்கள்.

மட்டக்களப்பு அதிகாரி வீட்டுச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக எழுப்பினார். எழுந்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். மச்சானும் எழுந்தார், பள்ளிக்கூடத்தில் குளப்படி செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"வீடு கிடைப்பது சந்தோஷமா?" என்றாள் இங்ரிட்.

மச்சான் வாய் திறக்கமுதல் அக்கா எழும்பிவிட்டாள். "தம்பி, அவக்கிட்டச் சொல்லு. வீட்டு உறுதிப் பத்திரத்தில இவர்ர பேர எழுதியிரிக்காங்க. என்ட பேரில இல்லாட்டி அந்த வீடு எனக்கு வேணா. நாளைக்கு என்ட மகளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

சொன்னேன். இங்ரிட் லார்ஸைப் பார்த்தாள். லார்ஸ் பணிவாகச் சொன்னான்: "உங்கள் கலாசாரத்தில் ஆண்தானே குடும்பத் தலைவர். நாங்கள் அதை மதித்தோம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெண்ணுரிமைப் பயிலரங்குக்கு வாங்கின பிஸ்கட்டுக்கெல்லாம் கணக்கு எழுதியவன் நான். தாய்க்குப் பிறகு மகள் என்று தலைமுறையாக வீட்டைக் கையில் வைத்திருந்த பெண்களிடமிருந்து, மரியாதை என்ற பேரில் அதைப் பிடுங்கி ஆம்பிளை கையில் கொடுக்க, ஒரு வார்த்தை கேட்டார்களா? "எந்தக் கலாசாரம்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, அந்த நாட்டில் அது அடிதடிக்குச் சமம்.

"இது மொழிபெயர்ப்பா, உன் கருத்தா?" என்றாள் இங்ரிட்.

அந்த நேரம் மச்சான் வாய் திறந்தார். "எனக்கு வேணா மச்சான். பொஞ்சாதிட வீட்டில இரிக்கிற மனிசன் நான். என்ட பேர எழுதினா ஊர்ச்சனம் சிரிக்கும். மகள முடிக்க வாறவனும், இது ஆர்ர வீடு எண்டுதான் முதல்ல கேப்பான்."

வார்த்தை பிசகாமல் சொன்னேன். இங்ரிட் பேனையை மூடிவிட்டு யோசித்தாள். "அப்படியானால் இவருடைய வீடு எங்கே?"

"இவருடைய தங்கச்சியிடம்."

"உன்னுடையது?"

கமரா என் பக்கம் திரும்பிக் காத்து நின்றது. "என்னவாம் கேக்கிறா?" என்றாள் அக்கா.

"எனக்கு வீடு எங்க எண்டு கேக்கிறா."

"இதென்ன கேள்வி? ஆம்பிளைக்கு என்னத்துக்கு வீடு? நீ வந்தா நம்மட வீட்டில நிக்கலாம் எண்டு சொல்லு."

"ஊருக்குப் போனால் தங்கள் வீட்டில் தங்கலாமாம்" என்று மொழிபெயர்த்தேன். "எவ்வளவு நல்ல மனசு" என்றாள் இங்ரிட். எனக்கு அழுகை வந்தது. சிலந்தி மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்ரிட்டை முழுக்கக் குறை சொல்லக்கூடாது. வீடுகளை யார் பெயரில் எழுதுவதென்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டு மாற்றும்படி அங்கேயே அதிகாரிக்குச் சொன்னாள். பிறகு வந்த அலுவலகச் செய்திமடலில், கதிரவெளிப் பெண்களுக்கு வீட்டுரிமை பெற்றுக்கொடுத்தது எங்கள் நிறுவனம்தான் என்று படத்தோடு போட்டிருந்தது. போகட்டும். வீடு அக்கா பேரில் வந்துவிட்டது.

அன்றைக்கு அக்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அடுத்த கூட்டக்காரர்கள் கோப்பிக் கோப்பைகளோடு வெளியில் நின்றார்கள். எங்கள் நேரம் முடிந்துவிட்டதாம். லார்ஸ் இந்த முறை சரியான ரிமோட்டை அமத்தினான், திரை கறுத்தது. வெளியில் வந்தேன். கதவுத் தாளில் என் பெயர் இருந்தது. இரண்டு நாட்டிலும் என் பெயரில் எழுதிக் கிடந்த ஒரே அறை அதுதான். அடுத்த கூட்டக்காரரில் ஒருத்தி சிரித்துக்கொண்டே பேனையை எடுத்து அதை ஒரு கோட்டால் வெட்டினாள்.