கோயிலடியில் காட்டிக்கொடுத்த கால்

எனக்குப் பிடித்த பொப் பாடகியின் ஹிட் பாடல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அல்பமாக வந்திருக்கின்றன. "முன்பாதிதான் பாட்டு. அவர் ஆட்டப் பாட்டுக்கு மாறிய பிறகு வந்ததெல்லாம் வெறும் இடிச்சத்தம்" என்று காலையில் இங்கே பதிவு போட்டிருந்தேன். அதற்குக் கீழே நீங்கள் பிடித்த சண்டையையும் பார்த்தேன்.

மத்தியானம் சுன்னாகத்தில் மினிபஸ் ஏறினால், அங்கேயும் அதே அல்பம்.

பள்ளிக்கூடக் காலத்தில் நான் உருகிக் கேட்ட பாட்டுகள் முடிந்து, மருதனார்மடம் தாண்டும்போது புதியவை தொடங்கின. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"அண்ணை, அந்தப் பழைய பாட்டுகளையே திருப்பிப் போடுங்கோவன்," என்றேன்.

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பழசைப் போட்டால் சனம் நித்திரையாப் போகும், தங்கச்சி. பிறகு இறங்கிற இடத்தை விட்டிட்டு என்னோடை சண்டைக்கு வரும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இணுவில் கோயிலடி வந்ததும், வழக்கம்போல அவர் பாட்டை நிறுத்தினார். பஸ் அமைதியானது. கும்பிட எல்லாருடைய கையும் நெஞ்சுக்குப் போனது, என்னுடையதும்தான்.

அந்த அமைதியில் டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் தாளம் தப்பாமல் கேட்டது. மடியில் வெங்காயப் பையோடு பக்கத்தில் இருந்த அன்ரி, நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே கீழே குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, பாட்டு நிண்டிட்டுது. உம்மடை செருப்பு இன்னும் நிக்கேல்லை."

காலையில் போட்ட பதிவை அழிக்கமாட்டேன். என் கருத்து இப்போதும் அதுதான். மறுக்க விரும்புகிறவர்கள் என் வலது காலோடு கதைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பக்கம்.