கெட்டில் தண்ணீர் கொதித்ததா?

காலை பத்து மணி இருபது நிமிடம். நன்னிலத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற காரிலிருந்து முதலில் இறங்கியது ஒரு தேங்காய்க் குலை. அதைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் சித்தப்பா இறங்கினார். பிறகு பெண்ணின் அப்பா, அம்மா. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த என் தம்பிக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போன இரண்டு குடும்பங்கள் போன் கூடச் செய்யவில்லை. அப்பா இல்லாத வீடு என்பதால் அம்மாவுக்கு அந்தக் கவலை இரட்டிப்பு. எங்கள் பக்கத்தில் பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். கொடுத்ததைச் சாப்பிட்டால் பேச்சு தொடரும். தொடாமல் வைத்தால் முடிந்தது.

அம்மா விடியற்காலையிலேயே டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருந்தாள். காபித் தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு ஒரே சட்டம்தான். முதல் கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். மேற்கொண்டு ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தாலும் 'தண்ணி செத்துப்போச்சு' என்று கொட்டிவிடுவாள். ஆனால் ஒன்பது மணிக்குத் தரகர் போன் செய்து, அவர்கள் காபி தொடமாட்டார்கள், டீதான் என்றார். அம்மாவுக்கு டீ போட வரும், நம்பிக்கை வராது.

"நான் போடறேன்மா," என்றான் தம்பி.

குவைத்தில் நான்கு பேர் தங்கியிருக்கும் அறையில் அடுப்புக்கு அனுமதி கிடையாது. எட்டு வருடமாக எலக்ட்ரிக் கெட்டிலில்தான் அவன் வாழ்கிறான். பெட்டியில் ஒன்று கொண்டுவந்திருந்தான். கூடத்தில் ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டு, விருந்தாளிகள் கண்ணெதிரே கெட்டிலைச் செருகினான். லேசாக இரைந்தது. டக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. கைப்பிடி வைத்த மூன்று கோப்பைகளில் டீ பையைப் போட்டுத் தண்ணீரை ஊற்றி, அம்மா காய்ச்சி வைத்திருந்த பாலைக் கலந்து நீட்டினான்.

கோப்பைக்கு வெளியே தொங்கிய நூலைச் சித்தப்பா விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தாயத்து கட்டியிருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் யாரும் குடிக்கவில்லை. பெண்ணின் அப்பா என்னிடம் சம்பா நாற்று, ஆற்றில் தண்ணீர் முறை, உர விலை என்று எல்லாவற்றையும் விசாரித்தார். கோப்பையை மட்டும் பார்க்கவில்லை. மூன்று கோப்பைகளிலும் ஆடை படிந்தது.

அம்மா கதவோரம் நின்று கண்ணைக் காட்டினாள். சமையலறைக்குள் போனேன். தம்பியும் வந்தான்.

"முடிஞ்சுது போ. மூணும் அப்படியே இருக்கு."

"சூடா இருக்கும்மா. ஆறட்டும்னு வச்சிருப்பாங்க," என்றேன்.

"ஆடை கட்டிடுச்சுடா! இன்னும் என்ன ஆறணும்? வந்துட்டான் குவைத்து, நூல்ல டீ போட."

"டீல என்ன தப்பு? நல்லாத்தானே போட்டேன்?"

"நீ பேசாத. உன் மூஞ்சியப் பார்த்து வேணாம்னா கூட மனசு ஆறும். ஒரு டீயால போச்சுன்னா நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

அப்போது பெண்ணின் அம்மா சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவருக்குப் போன வருஷம் மஞ்சக் காமாலை வந்து ரொம்பக் கஷ்டப்பட்டுட்டோம். அதுலேர்ந்து கொதிக்காத தண்ணி வாயில வைக்கமாட்டாரு. எங்க வீட்டுல கொல்லையில கொட்டாங்குச்சி நெருப்புல ஒரு பானை கொதிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு பாத்திரம் குடுத்தீங்கன்னா நான் கொதிக்க வச்சுக்கறேன்."

தம்பி முன்னால் வந்தான். "அது கொதிச்ச தண்ணிதான் அத்தை. நூறு டிகிரி."

இன்னும் எதுவும் நிச்சயமாகாத இடத்தில் அவன் 'அத்தை' என்று கூப்பிட்டதை அம்மா கவனிக்கவில்லை. அந்த அம்மாள் கவனித்தார்.

"எப்ப தம்பி கொதிச்சுச்சு? டக்குன்னு ஒரு சத்தம்தானே கேட்டுச்சு?"

"கொதிச்சதும் அதுவா நின்னுடும் அத்தை."

"அதைத்தான் சொல்றேன். கொதிக்க ஆரம்பிச்ச உடனே நிறுத்திட்டா, அது எங்க கொதிச்சுச்சு?"

தம்பி என்னைப் பார்த்தான். பத்திரிகை நிருபராக அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. "வந்தவங்கள அடுப்பங்கரையில நிக்க வைக்கிற வீடு இல்லம்மா இது. நீங்க தள்ளுங்க," என்று சொல்லி, பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். அந்த அம்மாள் தள்ளவில்லை.

முதல் கொதி வந்தது. அம்மாவின் கை பழக்கத்தில் அடுப்புத் திருகுக்குப் போனது.

"இருங்கக்கா, இருங்க. பாதியா வத்தட்டும்."

"பாதியா வத்தினா தண்ணி செத்துடும்."

"தண்ணி செத்தாத்தானே அக்கா அதுல இருக்கறது சாவும்?"

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். ஐம்பது வருடமாகக் கட்டிக்காத்த சட்டம் கண்ணெதிரே தளதளவென்று வற்றுவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அந்த அம்மாள் இஞ்சி எங்கே என்று கேட்டு, அவரே தேடி எடுத்து நசுக்கினார். தூளை எப்போது போடுவது என்பதில் மறுபடி ஒரு தகராறு. சர்க்கரையைக் கொதியிலேயே போட்டதில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. ஆனாலும் டம்ளர்களைக் கழுவி எடுத்துக் கொடுத்தாள். நடுவில் மாமியார்களைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்கள். தம்பியை இரண்டு பேருமாகச் சமையலறையை விட்டு வெளியே அனுப்பினார்கள்.

டீ கூடத்துக்கு வந்தது. அம்மா இந்த முறை கதவோரம் நிற்கவில்லை. எதிரிலேயே வந்து நின்றாள்.

சித்தப்பா ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்கு. புகை வாசந்தான் இல்ல."

எங்கள் வீட்டில் புகை வாசம் அடித்தால் அந்தக் காபி நேராக முருங்கை மரத்தடிக்குத்தான் போகும். அம்மாவின் பார்வை பெண்ணின் அப்பா கையிலேயே இருந்தது.

அவர் டம்ளரை ஊதினார். ஒரு வாய் வைத்தார், நிறுத்தி நாக்கைத் துழாவினார், பிறகு மிச்சத்தையும் குடித்தார். காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பிக்கு லீவு எப்ப முடியுது?" என்று கேட்டார்.