மாப்பிள்ளை காருக்குப் பெரிய ரேடியேட்டர்

1. கயிற்றில் வந்த கார்

அந்தக் கார் எங்கள் கராஜுக்கு ஓடி வரவில்லை. ஒரு உழவு மெசினின் பின்னால், வைக்கோல் கட்டுகிற கயிற்றில் இழுபட்டு வந்தது. கல்முனை பஸாரே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. இரண்டே பேர் இருக்கக்கூடிய சிவப்புக் கார், நம் இடுப்பளவு உயரம்தான் இருக்கும். மேலே துணிக் கூரை, முன்னுக்கு நீண்ட பானெட். இங்கிலாந்தில் செய்தது. எங்கள் பக்கத்தில் அப்படி வேறொன்று இருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அந்தக் கராஜில் பாஸாக இருந்தேன். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி இல்லை, வேலை தெரிந்த ஆள். முதலாளி ஆதம்பாவா. அவருக்கும் வேலை நன்றாகத் தெரியும், ஆனால் வயிறு பெருத்த பிறகு வண்டிக்குக் கீழே போவதை நிறுத்தியிருந்தார். உழவு மெசினும் நெல் லொறியும்தான் எங்கள் சாப்பாடு. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சாமானை நாங்கள் கலண்டரில்தான் பார்த்திருந்தோம்.

கார்க்காரர் நௌபர். மருதமுனையில் நெய்கிற சாரங்களை மலையகக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்கிற இளைஞர். அங்கே ஊரைவிட்டுப் போகிற ஒரு தோட்டத்துத் துரையிடம் இந்தக் காரை வாங்கியிருக்கிறார். மலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கார், கடற்கரைக்கு வந்ததும் காய்ச்சல்காரன் மாதிரிக் கொதிக்கத் தொடங்கிவிட்டது.

அன்றைக்குக் கொதித்த இடம்தான் பிழை. நிந்தவூரில் ஒரு போடியார் வீட்டில் நௌபருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். போடியார் என்றால் வயல்காரர், ஏக்கர் கணக்கில் காணி உள்ளவர். கலியாண நாள் குறிக்க இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அந்த வீட்டில் கூடியிருக்கிறார்கள். எல்லோரும் வந்தாயிற்று, மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை. அவர் காரைதீவுச் சந்தியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். சந்தியில் இருந்து அந்த வீடு நடந்து போகிற தூரம்தான். ஆனால் காரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. போய்ச் சேர்ந்தபோது சோறு ஆறி, பெரியவர்களில் பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

போடியார் நாளைக் குறித்தார், சம்பந்தத்தை முறிக்கவில்லை. ஆனால் சபையில் ஒரு சொல் சொல்லிவிட்டார்:

“என்ட மகளையும் இப்புடித்தான் ரோட்டுல இருத்தி வெச்சிட்டு, கார்ட வாய்க்குள்ள தலைய உட்டுட்டு நிப்பாரு.”

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நௌபருக்கு அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. எங்கள் ஊர் முறை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறவர். அந்த வாசலில் ஒருதரம் கேலிப்பட்டால் பிறகு காலம் முழுக்க அந்தக் கேலியோடுதான் சோறு தின்ன வேண்டும்.

வேறு கார் ஒன்று பிடித்துக்கொண்டு கலியாணத்துக்குப் போங்கள் தம்பி, விட்டது தலையிடி என்று நான் சொன்னேன். முதலாளியும் அதையேதான் சொன்னார். நௌபர் கேட்கவில்லை.

“இல்ல காக்கா. அந்த வாசலுக்கு இந்தக் காரிலதான் போவன். கொதிக்காமப் போய் நிப்பாட்டிக் காட்டணும்.”

காக்கா என்றால் எங்களில் அண்ணன். அப்படிக் கூப்பிட்டாலும் பிடித்தால் பிடித்த பிடிதான். சரி என்று கயிற்றை அவிழ்த்தோம்.

2. சுண்ணாம்பு

காருக்கு வந்த வருத்தம் என்னவென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி மேல் டாங்கியின் ஈயத்தை உருக்கித் திறந்தேன். உள்ளே குழாய்களின் வாயெல்லாம் வெள்ளை வெளேரென்று அடைத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர். மலையிலிருந்து வந்தவர் வழியில் கண்ட கிணற்றில் எல்லாம் அள்ளி ஊற்றியிருக்கிறார். கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து, குழாய்கள் நிறைந்த ‘கோர்’ என்ற நடுப்பாகத்தையே கட்டிப்போட்டுவிட்டது.

மெல்லிய கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன். குழாய் பழசு. சுண்ணாம்போடு சேர்ந்து பித்தளையும் வந்தது. ஒரு பக்கம் ஈயம் வைத்தால் மறுபக்கம் ஒழுகியது. கொழும்பில் கேட்டுப் பார்த்தார் நௌபர். அந்தக் காருக்கு ரேடியேட்டரா என்று சிரித்தார்களாம்.

அந்தக் காலத்தில்தான் ஜப்பான் வேன்கள் எங்கள் வீதிக்கு வரத் தொடங்கியிருந்தன. வரத் தொடங்கியதும் கவிழவும் தொடங்கின. அக்கரைப்பற்றில் பழைய இரும்பு வாங்குகிற இடத்தில் கவிழ்ந்த வேன் ஒன்றின் ரேடியேட்டர் சேதமில்லாமல் இருந்தது. பழையதை விடப் பெரியது, உயரமும் கூட, தடிப்பும் கூட. முதலாளி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டால் இந்தக் கார் பாலைவனத்திலும் ஓடும் என்றார். பாலைவனத்தை அவர் எங்கே கண்டார் என்று நான் கேட்கவில்லை.

3. இடம் இல்லாத இடத்தில்

பெரிய ரேடியேட்டர் போடுவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள், ஒருதரம் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். விரல் போக இடமில்லை. பழைய பிராக்கெட்டுகளை அரிந்து எடுத்தேன். ஆங்கிள் இரும்பில் புதிது அடித்தேன். கீழே ரப்பர் கொடுத்தேன், அதிர்வில் ஈயம் விட்டுப்போகாமல் இருக்க. வேன் ரேடியேட்டரின் வாய் ஒரு அளவு, காரின் ஹோஸ் இன்னொரு அளவு. உழவு மெசின் ஹோஸ் துண்டு ஒன்று இரண்டுக்கும் நடுவில் பொருந்தி வந்தது. எனக்கு அந்த நேரம் வந்த சந்தோசத்தை மனைவியிடம் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை.

பிறகுதான் சிக்கல். நேராக நிறுத்தினால் பானெட் மூடவில்லை. பானெட் முன்னுக்குச் சரிந்து போகிற காரில், ரேடியேட்டரின் மேல் பக்கத்தை எஞ்சின் பக்கமாகச் சரிக்க வேண்டும். சரித்தால் பானெட் மூடியது. ஆனால் எஞ்சினோடு சுற்றுகிற ஃபேனின் இதழ் கோரில் முட்டியது. இதழை வெட்டிப் பார்த்தேன், அப்படியும் முட்டியது. இன்னும் வெட்டினால் அது ஃபேன் இல்லை, கரண்டி.

முதலாளி கதிரையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்:

“ஃபேன கழட்டுங்க. இது ஓடுற சாமான். ஓடக்குள்ள காத்து தானா வந்து அடிக்கும்.”

நௌபர் என் முகத்தைப் பார்த்தார். நானும் யோசித்துத்தான் ஓம், கழற்றலாம் என்றேன். பெரிய கோர், புதிய தண்ணீர், முன்னால் அகன்ற வாய். வேகமாக ஓடுகிற காருக்கு அது போதும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பெல்ட் வாட்டர் பம்பைச் சுற்ற, ஃபேன் மட்டும் சுவரில் ஆணியில் தொங்கியது.

4. சுபஹுக்குப் பிறகு

சோதனை ஓட்டம் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு. பஸார் நெரிசலில் சைக்கிள்காரர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று அந்த நேரம். நௌபர் ஓட்டினார், நான் பக்கத்தில். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போனது. போடியார் வீட்டு ஒழுங்கையைத் தாண்டும்போது நௌபர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒலுவில் பக்கம் வெறும் வீதியில் மணிக்கு அறுபது மைல். சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அக்கரைப்பற்றில் திருப்பிக்கொண்டு அதே வேகத்தில் வந்தோம். முள் அசையவில்லை.

திரும்பி வந்ததும் ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்த்தோம், எல்லா இடமும் ஒரே அளவான சூடு, எங்கும் அடைப்பு இல்லை. ஒழுகல் இல்லை. முதலாளி தேநீர் வாங்கிக் கொடுத்தார், அது அவர் வழக்கம் இல்லை. நௌபர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கலியாணத்துக்கு நீங்கள்தான் காக்கா ஓட்ட வேண்டும் என்றார். மாப்பிள்ளை தன் ஊர்வலத்தில் தானே ஓட்டிக்கொண்டு போக முடியாதே. வேறு ஆளிடம் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை.

ஊர்வலம் என்ற சொல் அன்றைக்கே எங்கள் மூன்று பேருடைய காதிலும் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாங்கள் எத்தனை மாப்பிள்ளை ஊர்வலம் பார்த்தவர்கள்!

5. பொல்லடிக்குப் பின்னால்

கலியாணத்தன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டோம். மாப்பிள்ளை கோட்டும் தலைப்பாகையும் மாலையுமாகப் பக்கத்தில் இருந்தார். கூரையை மடித்து விட்டிருந்தோம். நான் புதுச் சேட் போட்டிருந்தேன். நிந்தவூர் எல்லை வரைக்கும் நல்ல ஓட்டம், முள் பாதியில்.

எல்லையில் பெண் வீட்டார் பொல்லடிக்காரர்களோடு நின்றார்கள். பொல்லடி பார்க்காதவர்களுக்கு: கையில் பொல்லு என்ற சின்னக் கம்புகளோடு வட்டமாக நின்று, பாட்டுக்கு அடித்து, குனிந்து நிமிர்ந்து ஆடுவார்கள். ஆடிக்கொண்டே முன்னுக்கு நகர்வார்கள். மாப்பிள்ளை அதற்குப் பின்னால். வட்டம் ஒரு அடி நகர்ந்தால் கார் ஒரு அடி நகரும். சந்திக்குச் சந்தி நின்று ஒரு ஆட்டம், ஒரு மாலை, ஒரு கிளாஸ் சர்பத்.

முதல் சந்தியில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் ஓடுகிறது, கார் நிற்கிறது. காற்று எங்கிருந்து வரும்? காற்றை இழுக்க வேண்டியது கல்முனையில் ஆணியில் தொங்குகிறது. எத்தனை பெரிய கோர் இருந்தும் என்ன, காற்றில்லாவிட்டால் அது சுடுதண்ணிப் பானைதான்.

முள் ஏறத் தொடங்கியது. எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். அந்தக் காரில் குளிருக்கு ஒரு ஹீட்டர் இருந்தது. அதைத் திறந்தால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். திறந்தேன். சூடு முழுக்க மாப்பிள்ளையின் காலில் அடித்தது. கோட்டுக்குள் அவர் வேர்த்து ஒழுக, பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் மாப்பிள்ளைக்குப் பயம் போல என்று சிரித்தார்கள்.

இந்தத் தொழில் பழகுகிற இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்று சோதிக்க எல்லோருக்கும் ஆசை. எவ்வளவு மெதுவாக ஓட வேண்டி வரும் என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். யாரை ஏற்றி, எங்கே, எந்த வேளையில், யாருக்குப் பின்னால். அதைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

பெண் வீட்டு ஒழுங்கைக்கு இன்னும் இரண்டு சந்தி இருக்கும்போது முள் சிவப்பில் முட்டியது. பானெட்டின் இடுக்கால் ஆவி வந்தது. இனி ஓட்டினால் எஞ்சின் ஹெட்டே வெடித்துப் போகும். சாவியைத் திருப்பினேன்.

“தம்பி, இனி ஏலா,” என்றேன்.

யாரோ ஒருவர் சர்பத் வாளியோடு பானெட்டைத் திறக்க ஓடி வந்தார். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்து போகும் என்று கத்தி அவரை விலக்கினேன். அதற்குள் சேதி பரவிவிட்டது. ஆட்டத்தை நடத்துகிற பொல்லடி அண்ணாவியார் நல்ல மனிதர். ஆட்டத்தை நிறுத்தவில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணால் சொல்லிவிட்டு இன்னொரு பாட்டைத் தொடங்கினார். மாப்பிள்ளை பக்கத்து வாலிபர்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். நாங்கள் தள்ளுகிறோம், மாப்பிள்ளை இருந்தபடி இருக்கட்டும், ஒருவருக்கும் தெரியாது என்றார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கு வேண்டியது எப்படியாவது அந்த வாசல் வரை கார் போய்ச் சேருவது.

நௌபர் ஸ்டியரிங்கையும் பார்க்கவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. முன்னால் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

“தள்ள வேணாம். நடப்பம்.”

நான் பானெட்டின் பக்கம் போனேன். சூடு ஆறும் வரை காவல் நிற்போம் என்று. அவர் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

“நீங்களும் வாங்க காக்கா. அது கெடக்கட்டும்.”

ஆவி விட்டுக்கொண்டிருக்கிற வண்டியை வீதியில் விட்டுவிட்டு நடந்தது என் தொழிலில் அன்றைக்குத்தான். நாலைந்து தரம் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒருதரமும் திரும்பவில்லை.

6. வாசல்

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் கால் கழுவ மச்சினன் செம்போடு நின்றான். காரில் வருகிற மாப்பிள்ளைக்குச் சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். இவருடைய காலில் நிந்தவூர்ப் புழுதி கணுக்கால் வரை இருந்தது. அந்தப் பையன் உண்மையாகவே தேய்த்துக் கழுவ வேண்டியதாயிற்று. சொந்தக்காரர்கள் நௌபரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த இடத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

போடியார் வந்தார். அவரும் வீதியைத்தான் பார்த்தார்.

“காரு எங்க?”

“கொதிச்சிட்டு மாமா. ரோட்டுல வெச்சிட்டு வந்துட்டன்.”

“ஆரு அதப் பாத்துக்கிட்டு நிக்கிற?”

“ஒருத்தருமில்ல.”

போடியார் என்னைப் பார்த்தார். காரில் கை வைத்த அடையாளமாக என் சேட்டில் எண்ணெய் ஏதும் இல்லை. பிறகு மருமகனுடைய ஈரக் காலைப் பார்த்தார். வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“நாள் குறிச்ச அண்டைக்கும் இப்புடி நடந்து வந்திருந்தா, நான் ஒண்டும் கதைச்சிருக்க மாட்டன் மகன்.”

“அண்டைக்கு எனக்கு அது வெளங்கல்ல மாமா,” என்றார் நௌபர்.

போடியார் அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.